டாலஸ் போதும், சின்ன ஊர் வேண்டும்: புளூமிங்டனா, பெண்டிகோவா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "டாலஸில் இருக்கிறோம். எனக்குக் காப்பீட்டு மென்பொருள் வேலை, எச்-1பி விசா. மனைவி ஊரில் நர்ஸாக இருந்தவர்; துணைவருக்கான எச்-4 விசா என்பதால் நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. பெரிய நகரத்து ஓட்டம் அலுத்துவிட்டது. இப்போது இரண்டு வாய்ப்புகள். ஒன்று இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன். இன்னொன்று ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் பெண்டிகோ. அதற்கு 482 என்ற தற்காலிக வேலை விசா. சம்பளத்தை விடுங்கள். அன்றாட வாழ்க்கை எங்கே நன்றாக இருக்கும்?"

ஒப்பிடத் தோதான இரண்டு ஊர்களைக் கேட்டிருக்கிறீர்கள். புளூமிங்டனையும் அதை ஒட்டிய நார்மலையும் சேர்த்தால் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல். பெண்டிகோவும் ஏறக்குறைய அதே அளவுதான். அங்கே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் என்றால் இங்கே பெண்டிகோ வங்கியின் தலைமையகம். சிகாகோவுக்கும் சரி, மெல்பர்னுக்கும் சரி, ரயிலில் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம். புளூமிங்டனைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்; பெண்டிகோவைச் சுற்றி யூகலிப்டஸ் காடும் 1850களில் தோண்டிய தங்கச் சுரங்கங்களின் மிச்சமும்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இரண்டு ஊரிலும் வாழ்க்கை வேறு வேறு மாதிரி நடக்கும். அமெரிக்காவில் ஊர் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது. போலீஸ் ஊருடையது, பள்ளிக்கூடத்துப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வருகிறது, பள்ளிக் குழுவை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அரசுப் பள்ளி, போலீஸ், அரசு மருத்துவமனை எல்லாம் மாநில அரசின் கையில். உள்ளூர் கவுன்சிலுக்குக் குப்பை, நூலகம், பூங்கா, நீச்சல்குளம், உள்ளூர்ச் சாலைகள், அவ்வளவுதான். அதனால் அமெரிக்காவில் பத்து கிலோமீட்டர் தள்ளி வீடு எடுத்தாலே பிள்ளைகளின் பள்ளி மாறிவிடும், வரி மாறிவிடும். ஆஸ்திரேலியாவில் அடிப்படை வசதிகள் எங்கும் ஓரளவு ஒன்றுபோல இருக்கும். பெரிய நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதே அங்கே வாழ்க்கையைத் தீர்மானிக்கும். உங்கள் முடிவுக்கு இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

பள்ளியைப் பாருங்கள். புளூமிங்டனுக்குள்ளேயே டிஸ்ட்ரிக்ட் 87, யூனிட் 5 என்று இரண்டு பள்ளி நிர்வாகங்கள். 2022 நவம்பரில் யூனிட் 5 கூடுதல் வரிக்கு மக்களிடம் ஓட்டுக் கேட்டுத் தோற்றது. 2023 ஏப்ரலில் மறுபடி கேட்டு ஜெயித்தது. நடுவிலிருந்த சில மாதங்கள் எந்தெந்த வகுப்புகளையும் விளையாட்டுகளையும் வெட்டுவது என்ற பேச்சுதான். வீடு பார்க்கும்போது தெருவின் பெயரைவிட அது எந்தப் பள்ளி நிர்வாகத்தில் வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். பள்ளிக்கூடம் இலவசம், உங்கள் விசாவும் அதற்குத் தடையில்லை. மஞ்சள் பஸ், பள்ளிச் சாப்பாடு எல்லாம் டாலஸிலேயே உங்கள் மகளுக்குப் பழகியிருக்கும்.

பெண்டிகோவில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. ஊர் பணக்கார ஊரா, ஏழை ஊரா என்பது பள்ளியை அந்த அளவுக்குத் தொடாது. சீருடை உண்டு, வெயில் காலத்தில் தொப்பி இல்லாமல் விளையாட விடமாட்டார்கள், மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். புது வகுப்பு ஜனவரிக் கடைசியில் தொடங்கும் என்பதால் மகளுக்கு அரை வருடம் முன்னே பின்னே ஆகும். அந்த வயதில் அது பெரிய விஷயமில்லை. உங்கள் மகனுக்குத்தான் நிஜமான லாபம். விக்டோரியாவில் 2023 முதல் 3, 4 வயதுக் குழந்தைகளுக்குக் கிண்டர் எனும் மழலையர் பள்ளி இலவசம். வாரத்துக்குச் சில மணி நேரம்தான், முழுநாள் காப்பகம் ஆகாது; அதற்கான அரசு மானியம் தற்காலிக விசாக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சில தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் வாங்குகிறது. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. போவதற்கு முன் விசா எண்ணைக் குறிப்பிட்டு விக்டோரியாவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மருத்துவத்தில் பலர் குழம்புவது உண்டு. ஆஸ்திரேலியா போனால் எல்லாம் இலவசம் என்று எண்ணிப் போகிறவர்கள் முதல் மாதமே திகைக்கிறார்கள். 482 விசாவில் போகும் இந்தியர்களுக்கு ஆரம்பத்தில் மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். நிரந்தர விசாவுக்கு அங்கிருந்தபடி விண்ணப்பித்தபின் மெடிகேர் அட்டைக்குப் பதியலாம். அதற்குப் பிறகு நிம்மதிதான். 2026 ஜனவரி முதல் மானியப் பட்டியலில் இருக்கும் மருந்து ஒன்றுக்கு நீங்கள் தருவது அதிகபட்சம் 25 ஆஸ்திரேலிய டாலர். ஆனால் குடும்ப டாக்டரின் சீட்டு இல்லாமல் நிபுணரைப் பார்த்தால் மெடிகேர் பணம் தராது, சின்ன ஊர்களில் குடும்ப டாக்டரே குறைவு. பெண்டிகோவுக்கு 2017இல் திறந்த பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. பிரசவம், எலும்பு முறிவு, நெஞ்சு வலி எதற்கும் ஊரைவிட்டுப் போக வேண்டாம். அபூர்வமான நோய் என்றால் மெல்பர்ன்.

புளூமிங்டனிலும் நல்ல மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. கார்ல் புரோமென், ஓ.எஸ்.எஃப். செயின்ட் ஜோசப் என்று இரண்டு உண்டு. கேள்வி எல்லாம் உங்கள் நிறுவனத்தின் காப்பீடு இரண்டில் எதை ஏற்கிறது, முதலில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்பதுதான். டாலஸில் ஒரு மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இல்லை என்றால் அடுத்ததற்குப் போவீர்கள். இருப்பதே இரண்டு என்கிற ஊரில் அந்தப் பட்டியல் ரொம்ப முக்கியம்.

வீடு. அதே பணத்துக்குப் புளூமிங்டனில் பெரிய வீடு வரும், சந்தேகமே இல்லை. ஆனால் இல்லினாயின் வீட்டு வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. வீட்டு மதிப்பில் சுமார் 2 சதவீதம் ஆண்டுதோறும் போகும். டெக்சாஸில் இல்லாத மாநில வருமான வரி 4.95 சதவீதமும் சேரும். பெண்டிகோவில் கவுன்சில் வரி அதைவிட ரொம்பக் குறைவு. ஆனால் வாங்கும்போதே பெரிய தொகை முத்திரை வரியாகப் போய்விடும். அதைவிட முக்கியம், 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே இருக்கும் வீட்டை வாங்கத் தடை இருக்கிறது. எனவே வாடகைதான். அங்கே வாடகை வாரக் கணக்கு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பெரும்பாலும் நீங்களே வாங்கிப்போட வேண்டும். ஏஜென்ட் அவ்வப்போது வந்து வீட்டைச் சோதித்துவிட்டுப் போவார். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. புளூமிங்டனில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும், பனி அள்ள வேண்டும், ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் கதகதப்பு. பெண்டிகோவில் பனி கொட்டாது, ஜூலை இரவு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஆனால் பழைய ஆஸ்திரேலிய வீடுகள் குளிரைத் தடுக்கிற மாதிரி கட்டப்பட்டவை அல்ல. படுக்கையறையிலேயே நடுங்குவீர்கள். வீடு பார்க்கப் போகும்போது எந்தெந்த அறையில் ஹீட்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. காட்டுத்தீ எச்சரிக்கைக்கான செயலியைப் போனில் போட்டுவைத்துக்கொள்ள வேண்டும். புளூமிங்டனில் அந்தக் கவலை டொர்னேடோ சைரன்.

கடை கண்ணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெண்டிகோவில் சூப்பர்மார்க்கெட் தவிர மற்றவை மாலை ஐந்தரைக்குள் மூடிவிடும், காபிக் கடைகள் மூன்று மணிக்கே நாற்காலியைக் கவிழ்த்துவிடும். விலைச்சீட்டில் போட்ட விலையே கடைசி விலை, வரி அதற்குள் அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. இந்திய மளிகை இரண்டு ஊரிலும் கிடைக்கும். உங்கள் டாலஸ் மிக்ஸி 120 வோல்ட்டுக்கானது, அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஊரில் அம்மா வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் பிளக்கை மாற்றினால் ஆஸ்திரேலியாவில் ஓடும். அம்மாவுடன் பேசுவதும் எளிது. நாலரை, கோடையில் ஐந்தரை மணி நேர வித்தியாசம்தான். பெண்டிகோவில் பிள்ளைகள் தூங்கப் போகும் நேரம் ஊரில் அம்மாவுக்குச் சாயங்காலம்.

பெரிய நகரம் அலுத்துவிட்டது என்கிறீர்கள். ஆனாலும் அது பக்கத்தில் வேண்டும்: கோயிலுக்கு, நல்ல கச்சேரிக்கு, விமானத்துக்கு. நார்மலிலிருந்து சிகாகோவுக்கு நாளுக்குச் சில ரயில்கள் உண்டு. 2023இலிருந்து அந்தத் தடத்தில் மணிக்கு 177 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுகின்றன. ஆனால் அரோரா பெருமாள் கோயில் நகரத்தின் புறத்தே இருக்கிறது, அதற்குக் காரில்தான் போவீர்கள். பெண்டிகோ ரயிலின் அழகே வேறு. 2023 மார்ச் கடைசியிலிருந்து மாநிலத்தின் எந்த மூலைக்கும் ஒரு நாள் கட்டணம் மெல்பர்னின் ஒரு நாள் கட்டணத்தைத் தாண்டக்கூடாது என்று விக்டோரியா வரம்பு போட்டுவிட்டது. 2026 ஜனவரியிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக்க இலவசம். அந்த ரயில் மெல்பர்னின் சன்ஷைன் பகுதியில் நிற்கும். சன்ஷைன் நார்த் முருகன் கோயில் அங்கிருந்து பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் ஏறி, தரிசனம் முடித்து, மெல்பர்னில் டிராமில் சுற்றிவிட்டு இருட்டும்போது திரும்பலாம். காரை எடுத்தால் அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும், ஜாக்கிரதை. இல்லினாயில் மான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் டாலஸில் துப்பாக்கிச் சூடு வந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்ற பயிற்சியைச் செய்திருப்பாள். இல்லினாயிலும் அது தொடரும், சின்ன ஊர் என்பதால் விலக்கு இல்லை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் ஆஸ்திரேலியா துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு திரும்ப வாங்கி அழித்தது. அதற்காக அங்கே வன்முறையே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் மனம் வேறாக இருக்கும், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

சின்ன ஊரில் நம்மை ஏற்பார்களா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. புளூமிங்டனில் ஐ.டி. வேலைக்காக வந்த நம்மவர்கள் நிறையப் பேர், முதல் வாரமே துணை கிடைக்கும். பெண்டிகோவில் நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும், சனிக்கிழமை ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து)–நெட்பால் விளையாட்டு கிளப் அதற்கு நல்ல வாசல். மகளை நெட்பாலில் சேர்த்தால் பாதி ஊர் அறிமுகமாகிவிடும். ஆஸ்திரேலியச் சின்ன ஊர் எப்படி என்பதற்குக் குயின்ஸ்லாந்தின் பிலோயெலாவைச் சொல்வேன். இறைச்சி ஆலையும் நிலக்கரியும் உள்ள, சில ஆயிரம் பேரே வாழும் ஊர். அங்கே வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பமான பிரியா, நடேஸ் தம்பதியையும் இரண்டு குழந்தைகளையும் 2018 மார்ச்சில் விடியற்காலையில் நாடு கடத்துவதற்காகக் குடியேற்றத் துறை அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. நான்கு வருடங்கள் கையெழுத்து, ஊர்வலம், வழக்கு என்று நின்று, 2022 ஜூனில் அவர்களைத் திரும்ப ஊருக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கடைசியாக வேலை. சின்ன ஊரில் ஒரு பெரிய நிறுவனத்தை நம்பி இருக்கும்போது, அது போனால் அடுத்த வேலை அதே ஊரில் கிடைப்பது கஷ்டம். எச்-1பியில் வேறு வேலை தேட 60 நாள். 482இல் ஒரு தடவைக்கு 180 நாள் வரை, விசாக் காலம் மொத்தத்தில் 365 நாள். அதே விசாவில் இரண்டு வருடம் வேலை செய்தபின் நிறுவனம் உங்களை நிரந்தர விசாவுக்கு நியமிக்கலாம். இந்தியர்களுக்கு அமெரிக்க கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கும் மேல்.

உங்கள் மனைவிக்கு 482 விசாவின் துணைவராக முதல் நாளிலிருந்தே வேலை உரிமை உண்டு. புளூமிங்டனில் உங்கள் கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகி, அவருக்கு வேலை அனுமதி வந்தால்தான் உண்டு. மனு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது ஒப்புதல் ஆகிவிட்டது, அனுமதியும் கையில் வரப்போகிறது என்றால் புளூமிங்டனும் நல்ல ஊர்தான், தைரியமாகப் போங்கள். இல்லையென்றால் பெண்டிகோ என்பதே என் யோசனை.

எதுவானாலும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் நர்ஸ் பதிவுக்குக் கடந்த ஐந்து வருடத்துக்குள் 450 மணி நேரம் பணி செய்திருக்க வேண்டும். அவர் வீட்டில் இருப்பது நான்கு வருடமாகிவிட்டது. அந்தக் கணக்கு வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஊரில் வேலை பார்த்த மருத்துவமனையிடமிருந்து மணி நேரக் கணக்கோடு அனுபவச் சான்றிதழை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு இரண்டு நாட்டுக்கும் உதவும், டாலஸிலேயே எழுதலாம். ஆஸ்திரேலியாவுக்கு அதன்பின் செய்முறைத் தேர்வு ஒன்று உண்டு. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் காலாவதி உண்டு, அதை மட்டும் கடைசியில் எழுதச் சொல்லுங்கள்.