மொத்த விலையில் பேரம் பேசாதீர்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டம் அலம்பிலில் இருக்கிறோம். என் மகனுக்குப் புதிய பைபர் வள்ளமும் 25 குதிரைவலு எஞ்சினும் வாங்கிக் கொடுக்கப் போகிறேன். பதிவு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 14 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்கிறார் விற்பனையாளர். வியாழக்கிழமைக்குள் ஓர் இலட்சம் முற்பணம் கட்டினால் 50 ஆயிரம் குறைப்பாராம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கூட வந்து பேசுகிறார். என்னிடம் 11 இலட்சம் இருக்கிறது. மிச்சம் 3 இலட்சத்தை ஒரு மீன் வியாபாரியிடம் வட்டியில்லாமல் எடுத்துத் தருவதாகவும் அவரே சொல்கிறார். இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்: தங்கச்சி, உங்கள் கணக்கை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கையில் 11. வியாபாரி தருவது 3. கழிவுக்குப் பிறகு விலை 14. வாங்குபவரின் மடிக்கு இவ்வளவு அளவாக ஒரு விலை தைக்கப்பட்டிருந்தால், அளவெடுத்துக் கொடுத்தவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களிடம் இருக்கும் தொகையை விற்பனையாளருக்கு நீங்கள் சொல்லவில்லை என்றால், கூட வந்தவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் தன்னைத் தரகர் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ள மாட்டார். ஊர்ப் பிள்ளை, உங்கள் கணவருடன் படித்தவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். உங்களிடம் தேநீர்க் காசுகூட வாங்க மாட்டார். அவருடைய கூலி விற்பவரிடமிருந்து போகும். அது உங்கள் விலைக்குள்தான் இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை விற்பனையாளர் இறங்கி வர முடியாது, ஏனென்றால் அவருக்குக் கொடுக்க வேண்டியதை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் பேசுவார். அடுத்த முறை மகனுடன் மட்டும் போங்கள்.

போய், எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்காதீர்கள். வள்ளம் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு, மற்றச் செலவுகள் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து, கடைத் தாளில் எழுதி, கையெழுத்துடன் தரச் சொல்லுங்கள். ஒரே தொகையாகச் சொல்லும் விலையில் எது கூட, எது குறைய என்று கடவுளுக்கும் தெரியாது. பிரித்துத் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

வள்ளத்தின் விலை பெரும்பாலும் அதற்குள் போயிருக்கும் கண்ணாடி நாரும், அதை இறுகப் பிடிக்கும் ரெசின் என்ற பிசினும்தான். வெளியே மினுங்கும் பூச்சு மலிவானது. ஆகவே நீளத்தைக் கேட்டு நிறுத்திவிடாமல் எடையையும் கேளுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு வள்ளங்களில் ஒன்று 240 கிலோ, 4 இலட்சத்து 80 ஆயிரம். மற்றது 310 கிலோ, 5 இலட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் கிலோ 2,000 ரூபாய் விழுகிறது, இரண்டாவதில் ஏறத்தாழ 1,680. மலிவென்று நினைத்ததுதான் விலை கூடியது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நிவாரணமாக வந்த வள்ளங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் பக்கச்சுவர் உள்ளே போய் வந்தது. கொடுத்தவர்கள் எண்ணிக்கையைக் கணக்கில் எழுதினார்கள், எடையை யாரும் எழுதவில்லை. வாங்கிய சனங்கள் அதே கரையில் கவிழ்த்துப் போட்டு, உள்ளே கோழி வளர்த்தார்கள்.

டோர்ச் லைட் ஒன்றையும் ஐந்து ரூபாய்க் குற்றியொன்றையும் எடுத்துப் போங்கள். வெளியே ஒருவர் வெளிச்சத்தைப் பிடிக்க, உள்ளே இருந்து மகன் பார்க்கட்டும். நிறம் பூசாத இடங்களில் வெண்புள்ளிகளும் திட்டுகளும் தெரிந்தால் ரெசின் சரியாக ஊறாமல் காற்று அடைபட்டிருக்கிறது. குற்றியால் தட்டிக்கொண்டே போகும்போது ஓசை மாறும் இடத்தில் நின்று காரணம் கேளுங்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகையைக் கட்டாயம் அளக்க வேண்டும். எஞ்சின்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என இரண்டு உயரங்களுக்கு வருகின்றன. கையிருப்பில் தேங்கிய எஞ்சினை, பொருந்தாத வள்ளத்தில் மாட்டி 'சோடியாக' விற்கும் பழக்கம் உண்டு.

எஞ்சினில் பேரத்துக்கு இடம் குறைவு, ஏமாற்றுக்கு இடம் அதிகம். அதை இறக்குமதி செய்யும் நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து அந்த மாதிரியின் விலையைக் கேளுங்கள், சொல்வார்கள். டொலர் ஏறிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 தாண்டியது உண்மை. 2024 கடைசியில் அது 300க்குக் கீழே இறங்கியதும் உண்மைதான், ஆனால் அதை எந்தக் கடைக்காரரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சினில் பொறித்த தொடர் இலக்கம், பெட்டியில் உள்ள இலக்கம், சிட்டையில் எழுதும் இலக்கம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். திருகாணித் தலைகளில் பூச்சு உரிந்திருந்தால் அது கடலைக் கண்ட எஞ்சின். அதோடு, 25 குதிரைவலு தேவைதானா என்று மகனைக் கேளுங்கள். இந்த எஞ்சின்கள் குடிக்கும் மண்ணெண்ணெய், லீற்றர் 87 ரூபாயாக இருந்தது, 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனபோது, பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள்தான் முதலில் கரையில் குந்தினார்கள். கரையை ஒட்டி வலை போடுபவருக்கு 15 போதும்.

'பதிவுச் செலவு' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வள்ளத்தைப் பதிவது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி கட்டாயம். அதைச் செய்வது மாவட்டக் கடற்றொழில் திணைக்களம். கட்டணத்தை அங்கேயே கேட்டு, நீங்களே கட்டி, அரச பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரே பிரதியை மூன்று தடவை கேட்பார்கள், பரிசோதகர் வெளியே போயிருப்பார், மறுபடி வரச் சொல்வார்கள். இந்த அலைச்சல்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. அலையுங்கள், வேறு வழியில்லை. எழுதித் தரும் விலை வரிகள் அனைத்தும் சேர்ந்ததா என்பதையும் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். அது கடைசி நாளில் தலைகாட்டினால் 50 ஆயிரம் கழிவு எந்த மூலைக்கு?

இனி அந்த வட்டியில்லாத 3 இலட்சம். அதை வாங்கினால் மீனை அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. சந்தை விலையில் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்தால், நாளுக்கு 30 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில் என்றால், மாதம் 30 ஆயிரம் ரூபாய். பத்து மாதத்தில் நீங்கள் வாங்கிய 3 இலட்சமும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். கடனோ அப்படியே நிற்கும், ஏனென்றால் இது வட்டி மாதிரி, முதல் கழியாது. தராசும் அவருடையது. இப்படிக் கடன் கொடுக்கும் சம்மாட்டிகளில், அதாவது மீன் முதலாளிகளில், நல்லவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். வள்ளம் வாங்கும்போது அந்தக் கேள்வியே வேண்டாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேளுங்கள், அல்லது 11 இலட்சத்துக்குள் அடங்கும் வள்ளத்தையும் எஞ்சினையும் பாருங்கள்.

எப்போது வாங்குவது என்பதிலும் விலை இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிவிடும். கார்த்திகை, மார்கழியில் விற்பனையாளர் உங்களைக் கண்டதும் கதிரை போடுவார். கடல் அடங்கி, மேற்குக் கரைத் தொழிலாளர் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் போடும் காலத்தில் அதே மனிதர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். ஆனால் இதை மன்னாரில் உள்ள உறவினருக்குச் சொல்லிவிடாதீர்கள். வங்காலை, சிலாவத்துறை போன்ற தென்புறக் கரைகளுக்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுத்தான் எதிரி. அங்கே கடல் கெடும் காலம் உங்களுக்குத் தொழில் நடக்கும் காலம். நீங்கள் மன்னார்க் கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரரின் மந்த மாதத்தைப் பார்க்க வேண்டும், உங்களுடையதை அல்ல. அப்போதும் கொண்டுவரும் லொறிக் கூலியைக் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு, மூன்று விலைகளும் இரண்டு கடைகளிலிருந்து கைக்கு வந்த பிறகுதான் இலக்கம் சொல்ல முடியும். காசில் இறங்காவிட்டால் பொருளாகக் கேளுங்கள்: மாற்று விசிறி, பிளக்குகள், எண்ணெய்த் தாங்கி, உயிர்காப்பு அங்கிகள், முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகான சரிபார்ப்பு. காசை விடாதவரும் பொருளை விடுவார். முற்பணம் கொடுத்தால் தொடர் இலக்கத்துடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாங்குபவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

வியாழக்கிழமை வரைதான் அந்த விலை என்றாராம். வெள்ளிக்கிழமை போங்கள்.