இரண்டு நாளில் எழும் கொட்டகை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிராமத்து நிலத்தில் சனி, ஞாயிறு குடும்பத்தோடு தங்கி ஏதாவது ஒன்றைக் கட்ட ஆசை. பெரியவர்கள் இருவர், 6 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள். சின்னதாக ஒரு மண்வீடு கட்ட முடியுமா?

பதில்: முடியாது. மண்சுவர் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். நான்கு கால் நட்டுத் தகரம் வேய்ந்த கொட்டகை என்றால் முடியும். பிறகு மண் வேலை செய்யும்போது மழைக்கும் வெயிலுக்கும் அதுவே மறைப்பு.

அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர் இருக்கட்டும். மூலைகள் சரியாக விழுந்தால் மூலைவிட்டம் துல்லியமாக 5 மீட்டர் வரும், மூலைமட்டம் தேவையில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். முளைக்குச்சியைக் குழி விழும் இடத்திலேயே அடித்தால் தோண்டும்போது பெயர்ந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி அடித்து நூல் கட்டுங்கள். நூல்கள் குறுக்கிடும் புள்ளிதான் காலின் நடு.

குழி 90 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம். அடியில் 10 செ.மீ. ஜல்லி போட்டால் தண்ணீர் கீழே இறங்கும், மரத்தின் அடி ஊறிக்கொண்டே இருக்காது. முன்கால்கள் 3.5 மீட்டர், பின்கால்கள் 3 மீட்டர் நீளம். தரைக்கு மேல் முறையே 2.6, 2.1 மீட்டர் போதும். மீதியை நட்ட பிறகே அறுக்க வேண்டும். முதலிலேயே அளந்து அறுத்துவிட்டால், குழிகளின் ஆழம் இரண்டு விரல் மாறினாலும் கூரை கோணிவிடும். உயரம் குறிக்கத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

சனி மாலைக்குள் கால்கள் நின்றுவிட்டால் ஞாயிறன்று மேல்வேலையை முடித்துவிடலாம். நிற்கவில்லையா, தகரத்தை அடுத்த முறைக்குத் தள்ளிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் ஏணியில் நின்று அவசரமாகத் திருகுவது வேண்டாம்.

கேள்வி: போன வருடம் நட்ட கால்கள் முதல் மழையிலேயே சாய்ந்துவிட்டன. சிமென்ட் போட்டிருக்க வேண்டுமோ?

பதில்: சிமென்ட்டைவிடத் திமிசு, அதாவது மண்ணை இடித்து இறுக்கும் கட்டை, முக்கியம். தோண்டிய மண் மொத்தத்தையும் ஒரேயடியாகத் தள்ளி மேலே மிதித்திருப்பீர்கள். மேல் ஒரு சாண் இறுகும், கீழே பொலபொலவென்று கிடக்கும். மழை நீர் இறங்கியதும் அது அமுங்கும், கால் சாயும். 15 செ.மீ. மண் போடுங்கள், நான்கு பக்கமும் சுற்றி இடியுங்கள், தூக்குநூல் (நுனியில் கனம் கட்டிய நூல்) பிடித்துக் கால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு அடுத்த 15 செ.மீ. கடைசியில் காலைச் சுற்றி மண்ணை மேடாக்கி வெளிப்பக்கம் சரித்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

இன்னொன்று: மேலே உத்தரம் மட்டும் வைத்த நாலுகால் சட்டம் காற்றில் ஆடும், நாற்கரம் எளிதில் சரிந்துவிடும் என்பதால். ஒவ்வொரு மூலையிலும் காலுக்கும் உத்தரத்துக்கும் இடையே 45 பாகையில், மூலையிலிருந்து 70 செ.மீ. தள்ளிப் பிடிக்கிற மாதிரி முட்டு கொடுங்கள். திறந்த கொட்டகையின் கூரையைக் காற்று கீழிருந்து தூக்கவும் செய்யும். அதனால் தகரத்தைத் தாங்கும் கைமரத்தை ஆணியோடு விடாமல் கம்பியாலோ இரும்புப் பட்டையாலோ உத்தரத்தோடு கட்டுங்கள். தகரத்தில் திருகு மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறக்கினால் ஒழுகும்.

கேள்வி: நாங்கள் அறுத்த பச்சைச் செங்கல் (சுடாத மண்கல்) எல்லாம் வெடித்துவிட்டது. ஏன்?

பதில்: களிமண் அதிகம், தண்ணீர் அதிகம், அல்லது நேர் வெயில். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் சில நிமிடத்தில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே களி. களி மொத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் மணல் கலந்து மூன்று விகிதங்களில் நாலு நாலு கல் அறுத்துப் பாருங்கள். நூறு கல் அறுத்த பிறகு வருத்தப்படுவதற்கு இது மேல்.

30×15×10 செ.மீ. அச்சில் ஒரு கல் எட்டுக் கிலோவை ஒட்டி வரும், சின்னப் பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நிழல், பிறகு விளிம்பில் நிறுத்தி மூன்று நான்கு வாரம். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவில் கருமையாக இருந்தால் இன்னும் ஈரம்.

கேள்வி: அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

பதில்: நூல் பிடிப்பது, ஜல்லி அள்ளுவது, தூக்குநூல் பார்த்து "இடப்பக்கம்" என்று கத்துவது. மண் மிதிக்கலாம், கண்ணாடித் துண்டும் முள்ளும் இல்லையென்று முதலில் பார்த்துவிட்டு. சுண்ணாம்பும் சிமென்ட்டும் தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். அவை கலக்கும் இடத்தில் பிள்ளைகள் நிற்கவே கூடாது.

கேள்வி: கழிப்பறை, தண்ணீர்?

பதில்: இரண்டு நாளுக்கு மூடி போட்ட வாளியும் உலர்ந்த மரத்தூளும் போதும், ஒவ்வொரு முறையும் ஒரு கை தூவி மூடுங்கள். பிற்பாடு குழி வெட்டினால் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், நாலு பேருக்கு இரண்டு நாளில் 120 லிட்டர். மண் குழைக்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை.