கடலோரத்தில் தினமும் பையில் வைத்திருக்கும் மடக்குக் கத்திக்கு எந்த ஸ்டீல் நல்லது?

கேட்டவர் புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, எப்போதாவது கயிறு வெட்ட ஒரு மடக்குக் கத்தி வேண்டுமாம். டி2 ஸ்டீலில் கூர் நாள்பட நிற்கும், விலையும் குறைவு என்கிறார்களே, வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். 14சி28என் என்ற ஸ்டீலில் செய்ததை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் 12சி27. இரண்டுமே அமையவில்லையென்றால் விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் சாதாரணக் கத்தி ஒன்று போதும், அதன் ஸ்டீல் கொஞ்சம் மென்மைதான், ஆனால் நம் ஊர்க் காற்றுக்குத் தாங்கும். ஏன் என்று சொல்கிறேன், நீளமாக வரும்.

நான் கடலூர் முதுநகரில் வலையும் கயிறும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். உப்பனாறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஷட்டர் பூட்டு, தராசுக் கொக்கி, ஆணி டப்பா எல்லாவற்றிலும் துரு. நாள் முழுக்கக் கத்தி கையில் இருக்கும் என்பதால் நானும் கூர் நிற்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்து முதலில் டி2 தான் வாங்கினேன். ஒரு ஐப்பசி அடைமழையில் அதை ஸ்கூட்டர் டிக்கியில் நான்கு நாள் மறந்துவிட்டேன். தண்ணீர் உள்ளே போகவே இல்லை, கூடவே இருந்த ரசீதுப் புத்தகம் நனையவில்லை. ஆனால் கத்தியை விரித்தால் அலகு முழுக்க மிளகுத்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளி. துடைத்தேன், போனது. போன இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஊசி முனையால் குத்தியது போல ஒரு குழி இருந்தது. கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நகத்தின் மேல் லேசாக வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அது சொரசொரவென்று தடுக்கிற்று. மகளின் பள்ளி லென்ஸை வாங்கிப் பார்த்தேன், வாய் முழுக்க நுண்ணிய பல். கத்தியில் மிக மெல்லிய இடம் வாய்தான், அதனால் துரு கொஞ்சம் தின்றாலே அங்கே கூர் போய்விடுகிறது. அலகின் பக்கவாட்டில் கண்ணுக்குப் புள்ளி தெரிவதற்கு முன்பே வாய் மழுங்கத் தொடங்கிவிடும். 'கூர் நிற்கும்' என்று சொல்லி விற்கிற ஸ்டீல் நம் ஊரில் வெட்டாமலேயே மழுங்குவது இப்படித்தான்.

சமையலறையைப் பாருங்கள், இதன் கணக்குப் புரியும். அரிவாள்மனை நன்றாக வெட்டும், ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் சிவந்துவிடும். எவர்சில்வர் டம்ளர் சிவக்காது, ஆனால் அந்த எவர்சில்வரில் கத்தி செய்தால் தக்காளிக்கே திணறும். நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும், அதைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்ற முடியாது. கத்திக்குப் பதம் ஏறக் கரி, அதாவது கார்பன், வேண்டும், துருவைத் தடுக்கக் குரோமியம் வேண்டும். சிக்கல் என்னவென்றால் கரி அதிகமானால் அது குரோமியத்தைத் தன்னோடு பிடித்துக் கெட்டியான துகளாக்கிக்கொள்ளும். அந்தத் துகள் வெட்டுக்கு நல்லது, ஆனால் அதற்குள் போன குரோமியம் துருவைத் தடுக்க வராது. டி2வில் கரி சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12. பன்னிரண்டு என்று படித்ததும் துருப்பிடிக்காது என்று நினைப்போம், அதில் ஒரு பெரிய பங்கு துகளில் அடைபட்டுக் கிடக்கிறது. 14சி28என் ஸ்வீடன் ஸ்டீல், கரி 0.62, குரோமியம் 14, கூடவே 0.11 நைட்ரஜன். கரி செய்யும் வேலையில் ஒரு பங்கை நைட்ரஜன் பார்த்துக்கொள்வதால் குரோமியம் காவலுக்கு மிஞ்சுகிறது.

அடுத்தது உப்பு. கார்த்திகை மாதம் சமையலறை உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டு நிற்குமே, அதே சங்கதிதான் கத்தியிலும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல்காற்று கொண்டுவரும் உப்புத்தூசியும் நம் வியர்வை உப்பும் அலகில் படிந்திருக்கும், விடியற்காலையில் அது கரைந்து உப்புத்தண்ணீர்ப் படலமாகிவிடும். மழையே வேண்டாம். குரோமியம் கட்டியிருக்கும் மெல்லிய படலத்தை உப்பில் இருக்கும் குளோரைடு அங்கங்கே துளைக்கும், நான் பார்த்த ஊசிக்குழி அதுதான். கோவைக்காரர் ஒருவர் டி2வைப் பத்து வருடம் வைத்திருந்தேன் என்று எழுதினால் அவர் சொல்வது உண்மைதான், அவர் ஊரில் கடல் இல்லை.

காசு செலவழிக்கத் தயார் என்றால் எல்சி200என், எச்1 என்ற இரண்டு ஸ்டீல்களும் உப்புத்தண்ணீருக்கென்றே பேர் வாங்கியவை. படகில் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். எச்1ல் கரி மிகக் குறைவு, பல் இல்லாத வெறும் வாய் சீக்கிரம் மழுங்கும், பல் வைத்த வாயாக வாங்கினால் நைலான் கயிற்றுக்கு அருமை. மேக்னாகட் என்று ஒரு ஸ்டீல் 2021ல் வந்தது, லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தது. அதில் குரோமியம் 10.7 தான், ஆனால் அது துகளில் போய் மாட்டிக்கொள்ளாதபடி கலவையை அமைத்திருக்கிறார், அதனால் 14 சதவீதம் உள்ள எஸ்30வி என்ற ஸ்டீலைவிடத் துருவை நன்றாகவே தாங்குகிறது. ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் குரோமியம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் குத்தியிருந்து ஸ்டீல் பெயரே இல்லாத கத்தியையும் விட்டுவிடுங்கள்.

ஓபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி வாங்குவதாக இருந்தால் இனாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், கார்போன் என்பது துருப்பிடிக்கிற வகை. இன்னொன்று, அதன் மரக் கைப்பிடி மழைக்காலத்தில் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகம் வலிக்க இழுக்க வேண்டும். பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கும் கத்தியும் வீட்டுக்குச் சரி, பண்ருட்டிப் பலா அறுக்க அதைப்போல வராது, எண்ணெய் தடவி மாட்டி வைக்கலாம். வியர்க்கிற பாக்கெட்டுக்கு அது ஆகாது.

அலகை மட்டும் பார்த்து வாங்கினாலும் தப்பு. என் கடைக்கு வருகிற படகுக்காரர் ஒருவரின் கத்தி, அலகு பளபளவென்று இருக்கிறது, உள்ளே இருக்கும் திருகாணியும் பேரிங் குண்டும் துருவேறி விரியவே மாட்டேன் என்கிறது. இணைப்பில் பேரிங் குண்டுக்குப் பதிலாக வெண்கல வாஷர் இருக்கிற கத்தியாகப் பாருங்கள், கழற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை, மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால் அன்றைக்கே, நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து விரித்தபடி கொஞ்ச நேரம் காய விடுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில் அலசுங்கள், இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. அப்புறம் மருந்துக்கடையில் லிக்விட் பாரபின் கிடைக்கும், இரண்டு சொட்டு இணைப்பில் விட்டு மிச்சத்தை அலகில் துணியால் தடவுங்கள், பழம் நறுக்கினாலும் பயமில்லை. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் காறிப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். இரும்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது, நாரின் துணுக்கு அலகில் ஒட்டி அதுவே துருவாகும்.

ஏற்கெனவே டி2 வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். சாப்பாட்டு சோடாவைக் குழைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் புள்ளிகளைத் தேய்த்து எடுங்கள், வாயைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து எண்ணெய் தடவி வீட்டுக்குள் வையுங்கள். என்னுடையது இப்போது கடை மேஜை டிராயரில் இருக்கிறது, அட்டைப்பெட்டி பிரிக்க மட்டும் எடுக்கிறேன். குழிகள் அப்படியேதான் இருக்கின்றன, புதிதாக ஒன்றும் வரவில்லை.