தேர்வு நாளில் வயிற்றுக் கலக்கம்

அன்புள்ள ஐயா,

நேர்முகத் தேர்வு, மேடைப் பேச்சு என்று எது வந்தாலும் அன்று காலை வயிற்றைக் கலக்கிவிடுகிறது. நாலைந்து முறை கழிப்பறைக்கு ஓடுகிறேன். பயந்துபோய் முந்தைய இரவிலிருந்தே பட்டினி, காலையில் வெறும் காபி. அப்படியும் நிற்கவில்லை. அடுத்த மாதம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, காலை 10 மணிக்கு. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அன்றைய காபியை விடுங்கள். பதற்றத்தில் மூளை அனுப்பும் சமிக்ஞைகள் இரைப்பையை மந்தமாக்கி, பெருங்குடலை விரட்டுகின்றன. மேலே குமட்டல், கீழே ஓட்டம், இரண்டும் சேர்ந்து வருவது அதனால்தான். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. காலையில் பெருங்குடல் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும். பலருக்குக் காபி சில நிமிடங்களிலேயே அதை மேலும் முடுக்கிவிடும்.

பட்டினியும் வேண்டாம். குடலில் இருப்பது நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டது. பட்டினியால் வரும் கைநடுக்கத்தையும் தலைசுற்றலையும் பயம் என்றே எண்ணி இன்னும் பதறுவீர்கள். மாறாக, ஆறரை மணிக்கே கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கழிப்பறை அழைக்கும். அந்த அழைப்பு வீட்டிலேயே வந்து முடியட்டும். சோறு, ரொட்டி, வாழைப்பழம் போல எளியது போதும். முந்தைய மதியத்திலிருந்தே எண்ணெய்ப் பலகாரம், பயறு வகைகள், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பால், எல்லாம் தள்ளி நிற்கட்டும். வாய் மணக்க மெல்லும் சர்க்கரையில்லா சூயிங்கத்தையும் பாருங்கள்: அதில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவே வயிற்றை இளக்கும்.

கிளம்பும்முன் 'எதற்கும் ஒருமுறை' என்று திரும்பத் திரும்பப் போய் முக்காதீர்கள். உணர்வு அலைபோல எழுந்து தணியும். பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். அப்போது தொப்புள்மேல் கை வைத்து 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே என ஐந்து நிமிடம் மூச்சுவிடுங்கள். கை எழும்ப வேண்டும். தோள் எழும்பினால் மூச்சு மேலோட்டமாகத்தான் போகிறது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் பேதியை நிறுத்தும் லோபரமைடு 2 மில்லிகிராம் மாத்திரை இருக்கிறது. உங்களுக்கு ஏற்றதா, எப்போது எடுப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். வேலைசெய்ய ஒரு மணி நேரமாவது ஆகும், ஆகவே வாசலில் நின்று விழுங்கிப் பயனில்லை. பலர் செய்யும் தவறு, முதல் மாத்திரையைத் தேர்வன்றே போடுவது. இரண்டு வாரம் முன்பே ஒரு சாதாரண நாளில் போட்டுப் பாருங்கள். சிலருக்கு மறுநாள் மலச்சிக்கல், வயிற்று உப்புசம் வரும். நிற்கவில்லையே என்று அளவை ஏற்றக் கூடாது. மிகையானால் இதயத் துடிப்பைக் குலைக்கும். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் தொடவே வேண்டாம்.

இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பதற்றம் என்று ஒதுக்காமல் தேர்வுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.