பார்த்த சாட்சி ஒருவர் மட்டும் இருந்தால் கொலை வழக்கு நிற்குமா?

கடலூரில் கெடிலம் ஆற்றங்கரையில் இரவு நேரத்தில் ஒரு கொலை நடந்து, அதைப் பார்த்தவர் ஒருவர்தான் என்றால் வழக்கு நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை. முழுமையாக நம்பத்தக்க ஒருவரே போதும். ஆனால் எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தார் என்ற குறுக்கு விசாரணையை அவர் தாங்கியாக வேண்டும். அங்கேதான் தடயம் கைகொடுக்கிறது.

ஆய்வாளர் பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் குறிப்பு, எழுதி, இரத்தம் தோய்ந்த மண்ணையும் சற்றுத் தள்ளி இரத்தம் படாத மண்ணையும் தனித்தனியே எடுப்பது ஒப்பிடுவதற்காகவே. இரத்தக்கறை படிந்த சட்டையை நிழலில் உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் நுண்ணுயிரிகள் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். இந்தச் சிறு கவனக்குறைவு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நீதியையே பறித்துவிடக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை. நீதிமன்றத்தில் அவர் பிறழ்ந்தால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே அது உதவும். அதனால்தான் முக்கிய சாட்சியை நீதித்துறை நடுவர் முன்பும் வாக்குமூலம் அளிக்கச் செய்கிறார்கள். கண்ட சாட்சியமும் மருத்துவச் சான்றும் முரண்பட்டால் நீதிமன்றம் பொதுவாகக் கண்ட சாட்சியத்துக்கே முதலிடம் தரும். சாட்சி சொன்ன விதத்தில் அந்தக் காயம் ஏற்படவே முடியாது என்று பிரேதப் பரிசோதனை காட்டினால் மட்டும் நிலைமை மாறும்.