பிரேக்குக்கு அடியில் உருண்டு வந்த பாட்டில்

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னால் காரைத் துடைத்து, எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிறேன். கிளம்பிய ஒரு மணி நேரத்தில் பின் சீட் குப்பைமேடாகிவிடுகிறது. சீட்டின் முதுகில் தொங்கவிடும் பை, டிக்கியில் வைக்கும் பெட்டி என்று நான்கைந்து வாங்கிப் பார்த்தும் பயனில்லை. என் கணவரோ, "குழந்தைகள் இருக்கும் கார் அப்படித்தான் இருக்கும், விடு" என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி)

பதில்: பிஸ்கட் தூள், கசங்கிய காகிதம், ஜோடி தொலைந்த காலுறை போன்றவற்றில் நான் உங்கள் கணவர் பக்கம். மூன்று வயதுக் குழந்தை உட்கார்ந்த இடத்தில் ஏதாவது சிதறத்தான் செய்யும். வீடு திரும்பியதும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்லும் அந்த 'விடு'வில் தண்ணீர் பாட்டிலும் பொம்மை லாரியும் சேர்ந்துவிடக் கூடாது. ஓடுகிற வண்டியில் கனமான பொருள் எதுவும் கட்டில்லாமல் கிடக்கக் கூடாது. காரில் ஒழுங்கு என்று நான் கேட்பது இதை மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு இறக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பின் சீட்டிலிருந்து விழுந்த எவர்சில்வர் பாட்டில் என் சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் நின்றது. மிதித்தேன். பெடல் பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் போன வண்டி தூரத்தில் இருந்ததால், கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரம் கட்ட முடிந்தது. பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் என்னால் வண்டியைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் வைத்த பொருள் நிற்பதில்லை. அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறது. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு இருக்கும் வேகம் அது. நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டிலை மூன்றாவது மாடியிலிருந்து கீழே நிற்பவர் தலையில் போடுவதை நினைத்துப் பாருங்கள். வேகம் 80 ஆனால் அந்த உயரம் 25 மீட்டராகிவிடும். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் குடை, டப்பா, கேமரா என்று வைக்கிறோமே, அவை எல்லாம் குழந்தைகளின் தலைக்கு நேர் பின்னால் இருக்கின்றன. முதலில் அந்த இடத்தைக் காலி செய்யுங்கள்.

அடுத்தது டிக்கி. கனமான பெட்டி அடியில், பின் சீட்டின் முதுகோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்க வேண்டும். லேசானவை அதற்கு மேல். சீட்டின் முதுகு உயரத்தைத் தாண்டி அடுக்காதீர்கள். டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவில் தடுப்பில்லாத வண்டி என்றால் ஒரு வலை கட்டாயம் வேண்டும். பின் சீட்டில் ஆள் உட்காராத இடத்திலும் பெல்ட்டை மாட்டி வையுங்கள். பின்னாலிருந்து பெட்டி முட்டும்போது சீட்டின் முதுகைத் தாங்க அது உதவும். குழந்தை இல்லாத நாளில் குழந்தை சீட்டும் ஒரு கனமான சாமான்தான். அதையும் கட்டித்தான் வைக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக், எச்சரிக்கை முக்கோணம் இவற்றை எடுக்க எல்லாப் பெட்டிகளையும் சாலையில் இறக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் வாங்கிய பைகள் ஏன் பயன்படவில்லை? இடம் கிடைத்ததும் இன்னும் நாலு பொருள் வண்டிக்குள் ஏறியிருக்கும். இன்னொரு பை வாங்காதீர்கள், இருப்பதில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். சீட்டின் முதுகில் தொங்கும் பையில் படப் புத்தகம், வண்ணத் தாள், துணி பொம்மை மாதிரி மெத்தென்றவை மட்டும் இருக்கட்டும். வண்டி சட்டென்று நின்றால் குழந்தையின் தலையும் காலும் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே கெட்டியான டேப்லெட் தாங்கியை மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொன்று, பல கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. சீட் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று தைத்த சின்னத் துணிச்சீட்டு இருந்தால், பையின் பட்டையோ உறையோ அந்த இடத்தை மூடக் கூடாது.

மூத்த குழந்தைக்கு ஒரே ஒரு பை கொடுங்கள். அது மூடுகிற அளவுக்கு என்ன கொள்ளுமோ அதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றை எடுத்தால் முந்தையதை உள்ளே வைக்க வேண்டும். சின்னது பொம்மையைக் கீழே போட்டுவிட்டு அழும். அழட்டும், அடுத்த நிறுத்தம் வரை பொறுக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர் இரண்டு வினாடி பின்னால் திரும்பினால் வண்டி 33 மீட்டர் சாலையைப் பார்க்காமல் ஓடியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் எட்டுவதும் கூடாது. அதனால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என்ன தேவைப்படும் என்று கிளம்பும் முன்பே யோசித்து, அதைக் குழந்தையின் கைக்கோ முன் சீட்டில் இருப்பவரின் கைக்கோ எட்டுமாறு வையுங்கள். அடுக்குவதில் பாதி வேலை இதுதான்.

வாந்தியை மறந்துவிடாதீர்கள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பயணக் குமட்டல் அதிகம். கண் அசையாத புத்தகத்தையோ திரையையோ பார்க்கிறது, காதின் உள்பகுதியோ வண்டியின் அசைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. படிப்பதை நிறுத்தி வெளியே தூரத்தில் பார்க்கச் சொன்னால் கொஞ்சம் அடங்கும். ஓட்டை இல்லாத இரண்டு பிளாஸ்டிக் கவர், ஈரத் துடைப்பான், துண்டு, ஆளுக்கு ஒரு மாற்றுடை, இவ்வளவையும் ஒரே பொட்டலமாகக் கட்டி முன் சீட்டில் இருப்பவரின் காலடியில் வையுங்கள். மாற்றுடை டிக்கியின் அடியில் இருந்தால், நாறும் சட்டையோடு குழந்தையை வைத்துக்கொண்டு பெட்டியைத் தேட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கவர் மட்டும் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

வெயிலில் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் 10 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும்தான். மருந்து, பவர் பேங்க், லைட்டர் எதையும் உள்ளே விட்டு வராதீர்கள். குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். கார் சாவியை விளையாடக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அதில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகிவிடும்.

கடைசியாக, 'அடுக்கி வைக்கிறேன்' என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். டிக்கியை உங்கள் கணவர் அடுக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படியும் வண்டியை நிறுத்துவீர்கள். திரும்பக் கிளம்பும் முன் மூத்தது சீட்டுக்கு அடியில் குனிந்து உருளக்கூடியவற்றைப் பொறுக்கட்டும், சின்னது குப்பைப் பையைப் பிடிக்கட்டும். தன் காலடியில் ஒன்றும் இல்லை என்று உங்கள் கணவர் பார்த்துச் சொன்ன பிறகு சாவியைத் திருப்பட்டும்.