ஒரே நாட்டுக்கு இரண்டு ஜினி எண்கள்

கேள்வி: ஆய்வறிக்கைக்காக ஒரு நாட்டின் வருமான ஏற்றத்தாழ்வைத் தேடினேன். ஒரு அட்டவணையில் ஜினி குறியீடு 0.35, இன்னொன்றில் 0.50. ஆண்டு ஒன்றுதான். எது தப்பு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் ஜினி 0. மொத்தமும் ஒருவரிடமே போனால் 1-ஐ நெருங்கும். ஆனால் எதை அளந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. குடும்பச் செலவை அளந்திருந்தால் பெரும்பாலும் குறைவாக வரும்; வசதியானவர்கள் சம்பாதிப்பதில் நிறையச் சேமித்துவிடுகிறார்கள். வருமானத்தை அளந்தால் கூடும். அதிலும் வரிக்கு முன்பா, பின்பா என்பது வேறு. உங்கள் 0.35 செலவுக் கணக்கு என்றே சந்தேகப்படுகிறேன்.

இதை எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் என்ன கேடு? பொடி எழுத்து அடிக்குறிப்பில்தான் ஒளித்து வைப்பார்கள். தரவரிசை போடுகிறவர்கள் அதையும் வெட்டிவிட்டு, ஒரு நாட்டின் செலவு ஜினியையும் இன்னொன்றின் வருமான ஜினியையும் ஒரே வரிசையில் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட தரவரிசை வண்ணப் படங்களைத் தொடாதீர்கள். காசுக்குத் தரவு அலசித் தருபவர்களிடமும் உஷார்! மக்களை வருமான வரிசையில் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவின் சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். பிரிவுக்குள் இருக்கும் வித்தியாசம் காணாமல் போய், ஜினி இறங்கிவிடும்.

எண் ஒன்றாக இருந்தாலும் ஏமாறலாம். ஐந்து பேரின் வருமானம் 10, 20, 30, 40, 100 என்றால் ஜினி 0.40. 10, 10, 10, 60, 60 என்றாலும் அதே 0.40. முதலாவதில் பாதி வருமானம் ஒருவரிடம். இரண்டாவதில் மூன்று பேர் அடித்தட்டில். அதனால் பால்மா விகிதத்தையும், அதாவது மேல் 10% பேரின் பங்கைக் கீழ் 40% பேரின் பங்கால் வகுத்து வருவதையும், கூடவே போடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விடமாட்டேன். வியாபாரத்தில் நட்டப்பட்டவரின் வருமானம் கழித்தல் குறியோடு பதிவாகும். ஐவரில் ஒருவருக்கு 60 நட்டம், மற்றவர்களுக்கு 10, 20, 30, 100 வருமானம் என்று வையுங்கள். ஜினி 1.36! ஒன்றைத் தாண்டக்கூடாதே என்று பதறி, நட்டத்தைப் பூஜ்யமாக்குவார்கள், ஜினி 0.55 ஆகிவிடும். 1.36 கணக்குப் பிழை இல்லை, 0 முதல் 1 என்ற எல்லை கழித்தல் வருமானம் இல்லாதபோதுதான் பொருந்தும். மாற்றினால், மாற்றியதை எழுதுங்கள். பலர் எழுதுவதே இல்லை.

சரி, உங்கள் தலைப்பு வருமானம் என்பதால், 0.50 வருமானத்தை அளந்தது என்று அடிக்குறிப்பில் உறுதிசெய்துகொண்டு அதையே எடுங்கள். 0.35 செலவுக் கணக்குதான் என்று தெரிந்தால், அதைத் தனிப் பத்தியில், செலவு என்ற பெயரோடு வையுங்கள். இரண்டுக்கும் சராசரி மட்டும் எடுத்துவிடாதீர்கள்.